செங்கோட்டைச் சாரலும் அம்மாவின் மூக்கடைப்பும்

ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் சாரல், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டை வீடுகளின் சுவரிலும் துணியிலும் ஓதமாகத் தங்கிவிடுகிறது. குற்றாலத்துக்கு வருவோர் கொண்டாடிவிட்டுப் போகும் அந்தக் குளிர்ச்சியில்தான் இங்கேயே வசிப்போர் பலருக்குத் தும்மலும் மூக்கடைப்பும் கூடுகின்றன. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த எனக்கு, ஆண்டுக்கணக்காகக் காலையில் எழுந்ததுமே அடுக்கடுக்காகத் தும்மும் அம்மாவுக்கு ஊரில் என்னென்ன உதவி கிடைக்கிறது என்பதை உடனிருந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. தொலைவில் இருந்துகொண்டு பெற்றோரின் உடல்நிலையை எண்ணிக் கவலைப்படும் பிறருக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மருந்துக்கடையைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. அம்மா அங்கே "சளிக்கு" என்று கேட்டால், எத்தனை நாளாக இருக்கிறது, காய்ச்சல் உண்டா என்ற எந்தக் கேள்வியும் இல்லாமல், அடைப்பை உடனே திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தையும், லெவோசெட்டிரிசினும் மான்டெலுகாஸ்டும் சேர்ந்த ஒவ்வாமை மாத்திரையையும் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சொட்டு மருந்தைத் தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் போடக் கூடாது. போட்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கின் உட்சவ்வு முன்னிலும் அதிகமாக வீங்கி, மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும். மான்டெலுகாஸ்ட் உறக்கத்தையும் மனநிலையையும் பாதிக்கக்கூடும் என்று 2020-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்ததுடன், மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மூக்கு ஒவ்வாமைக்கு மட்டுமே அதைக் கொடுக்கவேண்டும் என்றும் அறிவுறுத்தியது. முதியவர்களுக்குக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் மாத்திரை அல்ல அது.

தென்காசியில் நாங்கள் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவரோ, மூக்கை விளக்கொளியில் பார்த்துவிட்டு, "ராத்திரி எதுல படுக்கிறீங்கம்மா, பஞ்சு மெத்தையா?" என்றுதான் முதலில் கேட்டார். கனடாவில் இப்படி ஒரு நிபுணரைப் பார்ப்பதற்குக் குடும்ப மருத்துவரின் பரிந்துரையும் நீண்ட காத்திருப்பும் தேவைப்பட்டிருக்கும். இங்கே அன்று மாலையே பார்த்துவிட்டோம். சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்லி, ஸ்டீராய்டு வகை மூக்கு ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். தலையைச் சற்றே குனிந்து, இடது துவாரத்துக்கு வலது கையாலும் வலது துவாரத்துக்கு இடது கையாலும், இரு துவாரங்களுக்கும் இடையிலுள்ள நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடிக்கவேண்டும் என்பதை அம்மாவையே செய்ய வைத்துச் சரிபார்த்தார். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், இடையில் விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார். அவர் செலவிட்ட அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடான மருந்து எதுவும் இல்லை.

உப்பு நீரால் மூக்கைக் கழுவும் முறையையும் பரிந்துரைத்தார். அதற்குக் குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே எடுக்கக் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபாத் தொற்றால் பலர் பாதிக்கப்பட்டதும், அந்த அமீபா மூக்கின் வழியாக உள்ளே போகக்கூடும் என்பதும் எல்லையோரத்தில் இருப்பவர்கள் மறக்கக் கூடாதவை. ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதித்து ஆறிய நீரே பாதுகாப்பானது.

மிச்ச வேலையெல்லாம் வீட்டில்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கின்றன. அவற்றின் கழிவுதான் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அவை பெருகுவதில்லை, ஆனால் சாரல் காலத்துச் செங்கோட்டையில் அது எளிதில் நடக்காது. அம்மாவின் இலவம்பஞ்சு மெத்தை அப்பா காலத்தில் தைத்தது. தட்டும்போதெல்லாம் தையல் வழியாகத் தூள் பறந்தது. அதை அகற்றிவிட்டுப் புது மெத்தை வாங்கி, தெருமுனைத் தையல்காரரிடம் நெருக்கமான நெசவுத் துணியில் மெத்தை முழுவதையும் மூடும்படி ஜிப் வைத்த உறை தைத்தோம். விரிப்புகளை வாரம் ஒருமுறை 55 முதல் 60 டிகிரி வரை சூடான நீரில் துவைக்க வேண்டும். வீட்டு இயந்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கும் வசதி இல்லாததால், அண்டாவில் வெந்நீர் வைத்து ஊறப்போட மதினி முன்வந்தார்.

பீரோவை நகர்த்திய அன்று, அதன் பின்சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. தட்டட்டியில், அதாவது மொட்டை மாடித் தளத்தில், விழுந்த விரிசல் வழியே தண்ணீர் இறங்கியிருந்தது. வந்து பார்த்த கொத்தனார், கசிவை அடைக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் ஒரே மழையில் திரும்ப வரும் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, மழை விடும்வரை பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே வைக்கச் சொன்னார்.

சாம்பிராணிப் புகையை நிறுத்த மட்டும் அம்மாவுக்கு மனம் வரவில்லை. "வெள்ளிக்கிழமை புகை போடாம எப்படிடி?" என்றார். புகை ஒவ்வாமைப் பொருள் இல்லாவிட்டாலும், ஏற்கெனவே வீங்கிய சவ்வை உறுத்தும் என்று விளக்கியபின், படுக்கையறைக்குக் கொண்டுபோகாமல் கூடத்தோடு நிறுத்திக்கொள்ளச் சம்மதித்தார். ஸ்பிரேயைத் தவறாமல் அடிக்கிறார். காலைத் தும்மல் குறைந்திருக்கிறது, முற்றிலும் நிற்கவில்லை. தட்டட்டி வேலையைச் சாரல் ஓய்ந்ததும், ஐப்பசி அடைமழைக்கு முன்பே முடித்துத் தருவதாகக் கொத்தனார் முன்பணம் வாங்கியிருக்கிறார்.