ஒன்ராறியோ வின்டரில் கிணற்றுத் தண்ணீர்: பல வருடப் பாவனையில் எது தாங்குகிறது, எது கைவிடுகிறது

ரொறன்ரோவுக்கு வெளியே, நகரசபைத் தண்ணீர் எட்டாத இடத்தில் வீடு வாங்குகிறவர்கள் முதல் வின்டருக்கு முன் கிணற்று மூடியைப் போர்த்திக் கட்டுவதில்தான் மினைக்கெடுகிறார்கள். குழாய்க்கிணறு உறைவதில்லை. தெற்கு ஒன்ராறியோவில் நிலத்தடி நீர் வருடம் முழுக்க 8 முதல் 10 பாகையில் நிற்கும். ஒழுங்காக அமைத்த கிணற்றில் பிட்லெஸ் அடாப்டர் என்ற இணைப்பு, குளிரால் மண் உறையும் ஆழத்துக்குக் கீழேயே கேசிங்கின் (கிணற்றுத் துளைக்குள் இறக்கிய உறைக்குழாயின்) பக்கத்தால் தண்ணீரை வீட்டுப் பக்கம் திருப்பிவிடும். அந்த ஆழம் ரொறன்ரோ பக்கம் சுமார் 4 அடி, வடக்கே போகப் போக 6 அடியும் அதற்கு மேலும். நிலத்துக்கு மேலே 40 செ.மீ. ஆவது நிற்கவேண்டும் என்று மாகாணக் கிணற்று விதி 903 சொல்கிற அந்தக் கேசிங் துண்டுக்குள் தண்ணீரே இல்லை. போர்த்தத்தான் வேண்டும் என்றால் மூடியிலுள்ள காற்றுத் துளையை மட்டும் அடைக்காதீர்கள். பம்ப் இழுக்கும்போது நீர்மட்டம் இறங்கும். அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகவேண்டும்.

முதலில் உறைவது பிரஷர் சுவிட்ச், அதாவது தண்ணீர் அழுத்தம் குறைந்தால் பம்பை ஓடவிட்டு, கூடினால் நிறுத்துவது. சரியாகச் சொன்னால், சுவிட்சையும், அழுத்தத்தோடு தண்ணீரைச் சேர்த்துவைக்கும் பிரஷர் டாங்கின் அடியிலுள்ள பித்தளை டீயையும் (T வடிவ இணைப்பு) இணைக்கும் கால் அங்குலக் குழாய், விரல் நீளம்கூட இராது. வீட்டில் எத்தனை தண்ணீர் திறந்தாலும் அதற்குள் இருக்கும் சில துளி நீர் நகராது. பெரிய குழாயில் ஓட்டம் இருப்பதால் சூடு வந்துகொண்டிருக்கும், இதற்குள் வராது. டாங்கும் சுவிட்சும் கராஜிலோ கிரோல் ஸ்பேஸிலோ (வீட்டுத் தரைக்கடியில் தவழ்ந்து போகும் இடம்) இருந்தால், மைனஸ் 15 இரவில் மற்றக் குழாய்கள் எல்லாம் நன்றாக இருக்கும்போதே இது கட்டிபட்டுவிடும்.

அதன்பின் நடப்பதைக் கவனியுங்கள். அழுத்தம் 55 பிஎஸ்ஐயில் (பிஎஸ்ஐ அழுத்தத்தின் அளவு) இருந்த நேரம் உறைந்திருந்தால், சுவிட்ச் இன்னும் 55 என்றே நம்பிக்கொண்டிருக்கும். டாங்க் காலியாகும், பம்ப் எழும்பாது. பம்ப் ஓடிக்கொண்டிருந்த நேரம் உறைந்திருந்தால் நிலைமை மோசம்: நிற்கவேண்டிய 60ஐத் தாண்டியும் பம்ப் நிற்காது. டீயில் 75 பிஎஸ்ஐ ரிலீஃப் வால்வு இருந்தால் அது திறந்து காப்பாற்றும். இல்லாவிட்டால் எந்த இணைப்பு பலவீனமோ அது போகும். பழைய வீடுகளில் இந்த வால்வு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

சரிசெய்வது சுலபம். பிரேக்கரை நிறுத்துங்கள். ஹெயார் டிரையரைக் குறைந்த சூட்டில் அந்தச் சிறு குழாயில் பத்து நிமிடம் பிடியுங்கள். நெருப்புச் சுவாலை வேண்டவே வேண்டாம். நிரந்தரத் தீர்வு, சுவிட்சைச் சூடான பேஸ்மன்ட்டுக்கு மாற்றுவது. முடியாவிட்டால் டாங்க் டீயைச் சுற்றி 2 அங்குல ஃபோம் போர்டில் கழற்றக்கூடிய பெட்டி ஒன்று செய்து, உள்ளே டீயோடு ஒட்டி ஹீட் கேபிள் ஓடவிடுங்கள். சுவிட்ச் மூடியின் மேல் மட்டும் கேபிளைச் சுற்றாதீர்கள். அந்தச் சிறு குழாயை இரும்பிலிருந்து பித்தளைக்கும் மாற்றிவிடுங்கள். இரும்புச்சத்துள்ள கிணற்று நீரில் அது துரு பிடித்து அடைத்துக்கொள்ளும், அறிகுறியும் உறைந்ததுபோலவே இருக்கும். ஜூலை மாதத்தில் இதே பிரச்சினை வந்தால் காரணம் அநேகமாகத் துருதான்.

ஹீட் கேபிளில் இரண்டு வகை. ஒரே அளவு சூடு தருகிற மலிவான வகையை ஒன்றன்மேல் ஒன்று படவிட்டால் அந்த இடத்தில் எரிந்துபோகும். குளிருக்கேற்பத் தானே கூட்டிக் குறைக்கும் வகை விலை அதிகம், ஆனால் நீண்டகாலப் பாவனைக்கு இதைத்தான் சிபாரிசு செய்கிறோம். அடிக்கு 6 வாட் என்றால் 12 அடிக்கு 72 வாட். நாள் முழுக்க ஓடினாலும் 2 யூனிட்டுக்குள். குழாயின் அடிப்பக்கமாக நேராக ஓட்டி, அடிக்கு ஒரு இடத்தில் டேப் போட்டு, மேலே ஃபோம் உறை போடவேண்டும். பிளாஸ்டிக் குழாய் என்றால் முதலில் அலுமினிய டேப் ஒட்டினால் சூடு பரவும். தெர்மோஸ்டாட் உள்ள கேபிளில் அதன் உணரி குழாயோடு ஒட்டி, இருப்பதிலேயே குளிரான முனையில் இருக்கவேண்டும். ஃபோம் உறை சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூடு போவதைத் தாமதப்படுத்தும். கேபிள் இல்லாமல் ஃபோமை மட்டும் நம்பினால், ஓட்டமில்லாத குழாயில் காலையில் வரவேண்டிய உறைவு மத்தியானம் வரும்.

சில வின்டர் போனபின் கேபிள் பழுதாகும் விதங்கள் பெரும்பாலும் இவைதான். கடைசி முனையின் அடைப்புக்குள் ஈரம் இறங்கி ஜிஎஃப்சிஐ (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) விழுந்துவிடும், அதுவும் சத்தமில்லாமல் நடுச்சாமத்தில். எலி கடிக்கும். பழைய கேபிள் சூடு குறைந்துவிடும், தொட்டுப் பார்த்தால் தெரியாது. அதனால் புதிதாகப் போட்ட அன்று, குளிர் நாளொன்றில், சின்ன வாட் மீட்டரில் அளந்து எண்ணை டாங்கிலேயே எழுதிவையுங்கள். ஒவ்வொரு வருடமும் அதேபோன்ற குளிரில் அளந்து பாருங்கள். பாதியாகியிருந்தால் மாற்றுங்கள். ஒக்டோபரில் தெர்மோஸ்டாட் உணரியை ஐஸ் போட்ட பையில் வைத்தால் வேலை செய்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். பம்ப் அறையில் 100 வாட் பல்பு எரியவிடும் பழைய பழக்கம் இன்னும் இருக்கிறது. பல்பு போனால் யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் எல்இடி போட்டால் வெளிச்சம் வரும், தேவையான சூடு வராது.

"பைப்பைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ" என்பது நகரத்து ஆலோசனை. கிணறும் செப்டிக்கும் (வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி) உள்ள வீட்டுக்கு இது ஆகாது. நிமிடத்துக்கு ஒரு லீற்றர் விட்டாலும் நாளுக்கு 1440 லீற்றர். மூன்று படுக்கையறை வீட்டின் செப்டிக்கை ஒன்ராறியோ கட்டட விதி கணக்கிடுவதே நாளுக்கு 1600 லீற்றருக்குத்தான். சொட்டுச் சொட்டாக விட்டால் இன்னொரு ஆபத்து: மெல்லிய நீர் செப்டிக் குழாயின் அடியில் படலம் படலமாக உறைந்து, ஒரு வாரத்தில் குழாயையே அடைத்துவிடும். ஒழுகுகிற டொய்லட் ஒன்றே இதற்குப் போதும்.

நிலத்துக்கடியில் ஓடும் குழாய்க்கு மேலே விழும் பனியை வழிக்காதீர்கள். அதுதான் இலவசப் போர்வை. டிரைவேயைக் குறுக்கே கடக்கும் குழாய்தான் அதிகம் உறைவது, ஏனெனில் பனி வழித்து வாகனம் ஓடிய இடத்தில் குளிர் ஆழமாக இறங்கும். அது இறங்கி முடிய நாளெடுப்பதால், வெளியே இளகத் தொடங்கிய மார்ச்சிலும் தண்ணீர் நிற்கலாம். 2015 பெப்ரவரிக் குளிரில் நகரங்களிலேயே தெருவுக்கடியில் வீட்டு இணைப்புகள் உறைந்தன. நிலத்தடிப் பிளாஸ்டிக் குழாய் உறைந்தால், உள்ளே மெல்லிய குழாய் செலுத்திச் சுடுதண்ணீர் அடிப்பவர்களை அழையுங்கள். வெல்டிங் மின்னோட்டம் உலோகக் குழாயில் மட்டுமே வேலை செய்யும், அதிலும் தீ விபத்து அபாயம் உண்டு. குழாயை ஆழப்படுத்த முடியாத இடத்தில், குழாய்க்குள்ளேயே ஓடும் குடிநீருக்கு ஏற்ற கேபிள் உண்டு.

மின்சாரம் போனால் பம்பும் கேபிளும் சேர்ந்தே நிற்கும். 2013 டிசம்பர் ஐஸ் புயலில் பல வீடுகள் நாட்கணக்கில் இருட்டில் இருந்தன. நீர்மூழ்கி பம்ப் அநேகமாக 240 வோல்ட். 120 மட்டும் தரும் சிறு ஜெனரேட்டர் அதை ஓட்டாது. வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

வீட்டை மூடிவிட்டுப் போவதென்றால் முதலில் பம்ப் பிரேக்கர், அடுத்து ஹொட் வோட்டர் டாங்கின் மின்சாரம். நீரில்லாமல் சூடேறினால் அதன் எலிமென்ட் எரிந்துவிடும். பிறகு எல்லாப் பைப்புகளையும் திறந்து, மிகத் தாழ்ந்த வடிகாலால் வெளியேற்றுங்கள். வோட்டர் சொஃப்ட்னரையும் ஃபில்டர் கிண்ணத்தையும் மறக்காதீர்கள். சிங்க், ஷவர், டொய்லட் வளைவுகளில் இளஞ்சிவப்பு ஆர்வி அன்டிஃப்ரீஸ் ஊற்றுங்கள். கார் கூலன்ட் நஞ்சு, கிட்டவே கொண்டுபோகக்கூடாது. வசந்தத்தில் திரும்பித் திறக்கும்போது, பிரஷர் டாங்க் காலியாக இருக்கும் அந்தச் சந்தர்ப்பத்திலேயே டயர் கேஜால் காற்றை அளந்துவிடுங்கள்: 40/60 சுவிட்சுக்கு (40இல் பம்ப் ஓடத் தொடங்கி 60இல் நிற்பது) 38 பிஎஸ்ஐ, 30/50க்கு 28. தண்ணீர் நிரப்பியபின் அளக்கும் எண் சரியாக இராது.