தாயின் செய்தி: பழ ஈயிலும் மனிதரிலும்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழி பயிலும் மாணவர்களுக்குக் கருவளர்ச்சியைக் கற்பிக்கும்போது, கனிந்த நேந்திரம்பழத்தை மொய்க்கும் பழ ஈயிலிருந்தே தொடங்குகிறேன். புரதம் செய்வதற்கான மரபணுச் செய்திகளைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை அதன் முட்டையில் தாய் சேமிக்கிறது. அவற்றுள் 'பைகாய்டு' முன்முனையிலும் 'நானோஸ்' பின்முனையிலும் தங்குவதால், தலை எங்கே, வயிறு எங்கே என்பது கருவுறுவதற்கு முன்பே குறிக்கப்பட்டுவிடுகிறது. ஈக்கருவின் தொடக்க வளர்ச்சியை ஆளும் மரபணுக்களைக் கண்டறிந்த கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் 1995இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மனித முட்டையிலும் தாயின் செய்திகள் நிறைந்துள்ளன. ஆனால் அவை அத்தகைய உடல் வரைபடத்தை வரைவதில்லை. கருவின் முதல் உயிரணுப் பிளவுகளை நடத்திக்கொடுத்து, நான்கு முதல் எட்டு உயிரணு நிலையில் கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் விழிக்கும் காலத்தில், அவற்றுள் பல சிதைந்து மறைகின்றன.

இடக்குறிப்பை விளக்க ஈயே சிறந்தது. பொறுப்பு தாயிடமிருந்து கருவுக்குக் கைமாறுவதை உணர்த்த, மனிதக் கருவையே நான் தேர்ந்தெடுப்பேன்.