உடைந்த ஜன்னலை மூட: ப்ளைவுட்டா, தார்ப்பாயா?

கண்ணாடி போய்விட்டது, ராத்திரிக்குள் மூடியாக வேண்டும். எதை வைத்து?

செலவு: தார்ப்பாய் மலிவு. ப்ளைவுட் விலை கூடுதல். ஆனால் கழற்றிய பிறகு வேறு வேலைக்கு ஆகும்.

உறுதி: இதில் தார்ப்பாய் கிட்டவே வராது. 12 மி.மீ. ப்ளைவுட்டைச் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்கினால் காற்றோ திருடனோ லேசில் அசைக்க முடியாது. ஆணி வேண்டாம், சுத்தியல் அதிர்வில், சட்டத்தில் ஒட்டி நிற்கும் சில்லுகள் பொலபொலவென்று கொட்டும். தார்ப்பாயோ கத்தி பட்டால் கிழியும். காற்றில் விடிய விடிய படபடத்துத் தூங்கவும் விடாது.

சுலபம்: தார்ப்பாயை ஒருவரே கட்டிவிடலாம். பலகையை அளந்து அறுக்க வேண்டும், பிடிக்க இன்னொரு ஆளும் வேண்டும்.

மாடி ஜன்னல், மழைதான் கவலை என்றால் தார்ப்பாய் போதும். தரைத்தளம், கதவு, பூட்டிவிட்டுப் போகும் வீடு என்றால் ப்ளைவுட்தான். ஆள் இருக்கும் வீட்டில் வெளியேற ஒரு வழியையாவது அடைக்காமல் விடுங்கள்.