டோலமைட் மலைக்குப் போகிறீர்களா? முதலில் வழிகாட்டியின் அட்டையைக் கேளுங்கள்

வட இத்தாலியின் டோலமைட் மலைத்தொடருக்குப் போகத் திட்டமிட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழிகாட்டி, பாதுகாப்புச் சாதனங்கள், மலைக்குடிலில் ஓர் இரவு, வண்டி எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று இணையத்தில் விற்கிறார்களே, அதற்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் வழிகாட்டியின் பெயரையும் உரிம எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் அந்தப் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. வழக்கு, வம்பு எனக்கு வேண்டாம். ஆனால் இவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட்டால், வேறு பெயரில் வந்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

எங்களுக்கு விற்கப்பட்டது இது: த்ரே சீமே சிகரங்களுக்கு எதிரே நிற்கும் பாத்தெர்னோ மலையில் வியா ஃபெராட்டா ஏற்றம். வியா ஃபெராட்டா என்பது செங்குத்துப் பாறையில் எஃகு வடமும் இரும்புப் படிகளும் அடித்து வைத்திருக்கும் பாதை. இடுப்பில் பட்டை கட்டி, அதிலிருந்து கைகள் போல் நீளும் இரண்டு நாடாக்களின் கொக்கிகளை வடத்தில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். ஆளுக்கு 390 யூரோ. நானும் என் மைத்துனனும் போனோம். பணம் கட்டும் வரை வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்விக்கு நிமிடத்தில் பதில் வந்தது. கட்டிய பிறகு பதில் வர நாள்கணக்கானது. அப்போதே சந்தேகம் தட்டியது, ஆனால் விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

முதல் கோணல் சுங்கச்சாவடியிலேயே தொடங்கியது. மிசுரினா ஏரிக்கு மேலே அவுரொன்ஸோ குடில் வரை போகும் சாலை கட்டணச் சாலை. 2025 முதல் கோடையில் வண்டி எண்ணைக் கொடுத்து இணையத்தில் முன்பதிவு செய்தால்தான் கார் உள்ளே போக முடியும். 'சாலைக் கட்டணம் உட்பட' என்று எழுதிக் கொடுத்தவர்கள் முன்பதிவே செய்யவில்லை. ஓட்டுநர் வேனைத் திருப்பி எங்களை அங்கேயே இறக்கிவிட்டார். அங்கிருந்து 2,320 மீட்டரில் இருக்கும் குடிலுக்கு நானூறு மீட்டருக்கு மேல் ஏறி நடக்க வேண்டும். ஏறினோம். ஆனால் மலையில் காலை நேரம் தங்கத்துக்குச் சமம், அது அங்கேயே கரைந்துவிட்டது. (நீங்களாகவே போவதாக இருந்தால், டொப்பியாக்கோவிலிருந்து 444 எண் பஸ் இருக்கிறது. அதற்கும் கோடையில் முன்பதிவு உண்டு.)

வழிகாட்டி என்று வந்தவர் மேலே எங்களுக்காகக் காத்திருந்தார். இனிமையான மனிதர்தான், குறை சொல்ல முடியாது. எல்லோரிடமும் சிரித்துப் பேசினார், படம் எடுத்துக் கொடுத்தார். சட்டையில் எந்தச் சின்னமும் இல்லை. அட்டை எங்கே என்று கேட்டேன். "காரில் வைத்துவிட்டேன்" என்றார். எந்த மாநில வழிகாட்டிகள் சங்கத்தில் பதிவு என்று கேட்டதற்கு, "நான் இந்த மலையில் பல வருடமாக நடக்கிறேன்" என்று பதில். பிறகு சாதனங்களுக்கு முன்பணம் என்று ரொக்கமாக 50 யூரோ கேட்டு வாங்கிக்கொண்டார். கீழே வந்ததும் திருப்பித் தருவாராம்.

101 எண் பாதையில் நடந்து, லவரேதோ கணவாயைத் தாண்டி, லொக்காத்தெல்லி குடிலுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தோம். அந்தக் காட்சியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எச்சரிக்கை எச்சரிக்கையாக இருக்காது. மூன்று சிகரங்களும் சுவராக எதிரே நிற்கின்றன, நடுவிலிருப்பது 2,999 மீட்டர். அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கேதான் பையைத் திறந்து சாதனங்களைக் கொடுத்தார்.

இந்த இடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் தொங்குவது இதில்தான். பாறை ஏறுபவர்கள் பயன்படுத்தும் சாதாரண நாடாவை வைத்து வியா ஃபெராட்டா ஏற முடியாது. காரணம், கை நழுவினால் கொக்கி வடத்தில் வழுக்கிக்கொண்டே போய் கீழே உள்ள ஆணியில்தான் இடித்து நிற்கும். அதற்குள் சில மீட்டர் விழுந்திருப்பீர்கள். உங்களைத் தாங்கும் நாடாவோ ஒரு மீட்டர்கூட இருக்காது. அந்த அதிர்ச்சியில் நாடா அறும், அல்லது இடுப்பு ஒடியும். அதனால்தான் இரண்டு நாடாக் கைகளும் சேரும் இடத்தில் ஒரு சின்னப் பை இருக்கிறது. அதற்குள் மடித்துத் தைத்த பட்டை. விழும்போது தையல் ஒவ்வொன்றாகக் கிழிந்து வேகத்தை விழுங்கும். ஒருமுறை கிழிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. மறுபடி தைத்துப் பயன்படுத்தும் பொருள் அல்ல அது.

என் மைத்துனன் பொறியாளன், எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டான். அவனுக்குக் கொடுத்த பையின் ஜிப்பைத் திறந்து பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினான். "அத்தான், இங்கே பாருங்கள், இதை மாட்டிக்கொண்டு ஏற்கெனவே யாரோ விழுந்திருக்கிறார்கள்."

பட்டை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிந்த நூல் நுனிகள் மயிர்க்கால் போல் சிலிர்த்து நின்றன. அதை மடித்து உள்ளே திணித்து, மின்சாரக் கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்தார்கள். என்னுடையதில் கிழிசல் இல்லை, ஆனால் சீட்டில் தயாரிப்பு ஆண்டு 2010 என்று அச்சிட்டிருந்தது. இழுத்தால் நீளும் ரப்பர் வகைக் கைகள். அந்தக் காலத்து ரப்பர் கைகளுக்கு ஒரு வரலாறு உண்டு: 2012 ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் ஒருவர் விழுந்தபோது சாதனத்தின் இரண்டு நாடாக் கைகளுமே அறுந்து அவர் இறந்துபோனார். திரும்பத் திரும்ப நீண்டு சுருங்குவதில் உள்ளே இருக்கும் நார் நைந்துவிடுகிறது என்பது தெரிந்தது. அதன் பிறகு பல தயாரிப்பாளர்கள் அந்த வகைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். ஐரோப்பியத் தரமும் 2017-ல் கடுமையாக்கப்பட்டது; இப்போதைய சீட்டில் ஈஎன் 958:2017 என்று இருக்கும், 40 முதல் 120 கிலோ எடை வரை என்ற வரம்பும் இருக்கும். துணியால் ஆன இந்தப் பொருளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் அதிகபட்ச ஆயுளே பத்து ஆண்டுதான். எங்கள் இடுப்பில் கட்டச் சொன்னது, திரும்பப் பெறப்பட்ட காலத்துப் பண்டம்.

தலைவிளக்கு எங்கே என்று கேட்டேன். பாத்தெர்னோ பாதை முதல் உலகப் போரில் ராணுவம் குடைந்த சுரங்கங்கள் வழியாகப் போகிறது. உள்ளே கும்மிருட்டு, படிகள் ஈரம். "கைப்பேசி வெளிச்சம் போதும்" என்றார். ஒரு கையில் வடம், மறு கையில் கொக்கி. கைப்பேசியை வாயிலா கவ்வுவது?

பேச்சு தடித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு குழு வந்தது. முன்னால் வந்த பெண்மணியின் சட்டையில் வழிகாட்டிச் சின்னம். எங்கள் கையிலிருந்ததை எட்டிப் பார்த்தவர் நின்றுவிட்டார். என் மைத்துனனின் பையை வாங்கிப் புரட்டிப் பார்த்து, எங்கள் ஆளிடம் இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டார். அவர் கையை விரித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: "இதை மாட்டிக்கொண்டு மேலே போகாதீர்கள். நடைபாதையில் திரும்பிவிடுங்கள். மதியத்துக்கு மேல் இடி இருக்கிறது." எங்கள் வழிகாட்டி அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எங்களுக்குக் கிடைத்த ஒரே உண்மையான வழிகாட்டல் அதுதான், காசில்லாமல் கிடைத்தது.

105 எண் பாதையில் சுற்றி இறங்கும்போதே வானம் கறுத்துவிட்டது. ஜூலை, ஆகஸ்டில் அங்கே பிற்பகல் இடிமழை சகஜம். எஃகு வடம் மின்னலைக் கடத்தும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் விடிகாலையிலேயே ஏறி மதியத்துக்குள் இறங்கிவிடுவார்கள். சுங்கச்சாவடியில் நேரத்தைத் தொலைத்துவிட்டு எங்களை ஏற்றப் பார்த்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

இரவு தங்க வேண்டிய குடிலில் எங்கள் பெயரில் படுக்கை இல்லை. வழிகாட்டி அதற்குள் மாயமாகியிருந்தார், அழைத்தால் எடுக்கவில்லை. இரவு பஸ் பிடித்துக் கீழே வந்தோம். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குடில்களுக்கு நீங்களே நேரடியாக எழுதி, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சட்டம் சொல்வதைச் சொல்கிறேன். இத்தாலியில் மலை வழிகாட்டித் தொழிலை 1989-ஆம் ஆண்டின் 6-ஆம் எண் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. பாறை, பனியாறு, கயிறும் சாதனமும் தேவைப்படும் நிலம், இங்கெல்லாம் கூலிக்கு ஆள் கூட்டிப்போகும் உரிமை 'குயிதா அல்பினா' (மலை வழிகாட்டி) உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே. நடைபாதை வழிகாட்டிகள் என்று தனிப் பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. அவர்கள் வியா ஃபெராட்டாவுக்கு ஆள் கூட்டிப்போகக் கூடாது. உரிமமில்லாமல் இந்தத் தொழிலைச் செய்வது குற்றவியல் சட்டத்தின் 348-ஆம் பிரிவின்படி குற்றம். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை மாநிலச் சங்கங்கள் வெளியிடுகின்றன; பெயர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தேடிவிடலாம். பெயரைத் தர மறுப்பதன் காரணமும் அதுதான். "வழிகாட்டி முந்தைய நாள்தான் முடிவாவார்" என்று எங்களிடம் சொன்னார்கள். சரி, அப்படியானால் முந்தைய நாள் தரட்டும், அதுவரை முழுப்பணம் கேட்காமல் இருக்கட்டும்.

இந்த மலைகளில் வழிகாட்டி என்பது விளையாட்டுப் பட்டம் அல்ல. 1869-ல் த்ரே சீமேயின் பெரிய சிகரத்தில் முதன்முதலாகப் பால் குரோமன் ஏறியபோது உடன் ஏறிய வழிகாட்டிகளில் ஒருவர் ஃபிரான்ஸ் இன்னர்கோஃப்ளர். அதே குடும்பத்தின் செப் இன்னர்கோஃப்ளர் 1915-ல் போரின்போது இந்தப் பாத்தெர்னோவில்தான் உயிரிழந்தார். நாங்கள் ஏறவிருந்த பாதை அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. அந்தப் பாதையைத்தான் கறுப்பு டேப் சுற்றிய பட்டையுடன் விற்றார்கள். இதே நிறுவனம் மார்மொலாடா பனியாற்று நடையையும் விற்கிறது என்று பிறகு பார்த்தேன். 2022 ஜூலை 3 அன்று அங்கே பனியாற்றின் ஒரு பகுதி உடைந்து சரிந்து 11 பேர் இறந்தார்கள். அங்கே யார் பின்னால் நடக்கிறோம் என்பது சின்ன விஷயமா?

பணத்தைப் பற்றி. திருப்பிக் கேட்டதற்கு 'வானிலை காரணமாக ரத்து, பணம் திரும்பாது' என்று பதில் வந்தது. ரத்தானது வானிலையால் அல்ல என்று படங்களுடன் எழுதினேன்: கிழிந்த பட்டை, 2010 என்ற சீட்டு, சுங்கச்சாவடியில் எடுத்த படம், குடிலில் பெயரில்லை என்று வாங்கிய மின்னஞ்சல். போக்குவரத்து, தங்குமிடம், சுற்றுலாச் சேவை ஆகியவற்றில் இரண்டைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால், ஓர் இரவாவது தங்குவதாக இருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2302 விதிப்படி அது தொகுப்புப் பயணம். சொன்னபடி நடக்காத ஒவ்வொன்றுக்கும் விற்றவரே பொறுப்பு. 'வழிகாட்டி எங்கள் ஊழியர் அல்ல, தனி ஆள்' என்று நிறுவனம் கைகழுவ முடியாது. அதை எழுதியதும் பாதிப் பணம் தருகிறோம் என்று இறங்கி வந்தார்கள். நான் இறங்கவில்லை. கடன் அட்டை வங்கியிடம் புகார் கொடுத்து, அதே படங்களை இணைத்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்கள் தங்கள் நாட்டின் ஐரோப்பிய நுகர்வோர் மையத்திடமும் போகலாம், அது இலவசம்.

இன்னொன்று, காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீட்டில் கயிறு கட்டி ஏறுவதை விலக்கி வைத்திருப்பார்கள், பொடி எழுத்தில். இந்த மலைகளின் ஒரு பகுதி அடங்கிய வேனெட்டோ மாநிலத்தில், காயமில்லாமல் மாட்டிக்கொண்டவரை ஹெலிகாப்டரில் மீட்டால் நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். அது ஆயிரக்கணக்கான யூரோவுக்குப் போகும். அவசர எண் 112.

வங்கி 780 யூரோவையும் திருப்பித் தந்துவிட்டது. ரொக்கமாகக் கொடுத்த 50 யூரோவுக்கு ரசீது இல்லாததால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அது போனது போனதுதான்.