சிம் ஸ்லாட் இல்லாத போனோடு ஊருக்குப் போகாதீர்கள்

வெளிநாட்டில் இருப்பவர்கள் புது போன் வாங்கும்போது கேமராவையும் பேட்டரியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அதன் ஓரத்தில் சிம் போட ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த முறை கும்பகோணம் போய் வந்ததிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டாலஸில் நான் வைத்திருப்பது அமெரிக்காவில் வாங்கிய ஐபோன். 2022-இல் வந்த ஐபோன் 14 தொடங்கி அமெரிக்காவில் விற்கும் ஐபோன் எதிலும் சிம் ஸ்லாட் கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். அங்கே இருக்கிறவரை அது ஒரு குறையாகவே தெரியாது. பழைய போனிலிருந்து புது போனுக்கு எண்ணை மாற்ற, வீட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே இரண்டு பொத்தானைத் தட்டினால் போதும். அடுத்து என்ன நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும், எது வேலை செய்யாது எல்லாவற்றையும் திரையிலேயே எழுதிக் காட்டிவிடுவார்கள். ஊர் எண்ணின் சிம்மை மட்டும் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனில் போட்டு வைத்திருந்தேன். வங்கி ஓடிபி வருவதற்கென்றே அந்த போன் உயிரோடு இருந்தது.

கும்பகோணம் வந்து சேர்ந்ததும் அந்தப் பழைய போன் பேட்டரி உப்பி, திரை பிதுங்கி நின்றுவிட்டது. தங்கை மகளுக்கு தாம்பரத்தில் வளைகாப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ்ஸில் உட்கார முடியாது. உழவன் எக்ஸ்பிரஸில் தத்கல் போட்டு ஏசியில் அழைத்துப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு, ஆதார், வங்கி எல்லாமே அந்த ஊர் எண்ணில்தான். 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைக்காத கணக்கில் தத்கல் எடுக்க முடியாது, பதிவு செய்யும்போது ஓடிபியும் வேண்டும் என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே முதல் நாள் சாயங்காலமே எண்ணைச் சரிசெய்துவிடலாம் என்று அந்த எண்ணின் செல் நிறுவனத்து ஷோரூமுக்குப் போனேன்.

ஏசி, கண்ணாடிக் கதவு, டோக்கன். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "இந்த போன்ல சிம் போட முடியாது சார், இ-சிம்மா மாத்திக்குங்க, அஞ்சு நிமிஷம்" என்றார். ஆதார் கேட்டார், போட்டோ எடுத்தார், கட்டைவிரல் வைக்கச் சொன்னார். பழைய சிம்முக்கு ஒரு உறுதிப்படுத்தும் மெசேஜ் வரும், அதற்குப் பதில் போட வேண்டும் என்றார். என் பழைய போன்தான் செத்துவிட்டதே. அவரே தன் போனின் இரண்டாவது ஸ்லாட்டில் என் சிம்மைப் போட்டார். உடனே டவர் எடுத்தது, மெசேஜ் வந்தது, பதிலும் போனது. பிறகு மெயிலில் க்யூ.ஆர். வந்தது. கடையில் வைஃபை இல்லாததால் என் அமெரிக்க எண்ணின் ரோமிங் டேட்டாவில் அதை ஸ்கேன் செய்து, ஒரு வழியாக என் போனில் ஊர் எண் வந்தது. தங்கைக்குப் போட்டுப் பார்த்தேன், பேசினாள். அவள் திரும்பக் கூப்பிட்டதும் வந்தது. "எல்லாம் ஓகே சார்" என்று அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஏசி தத்கல் திறக்கிறது. பத்துக்கு முன்பே உள்ளே போய், பெயர், வயது எல்லாம் தயாராக வைத்து, திறந்த நொடியில் தட்டினேன். ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. வரவில்லை. மறுபடி அனுப்பு என்றேன், வரவில்லை. டவர் முழுசாக இருக்கிறது, போனை அணைத்துப் போட்டேன், அப்போதும் இல்லை. ஓசூரில் இருக்கும் மச்சினனைக் கூப்பிட்டு அவன் கணக்கில் போடச் சொன்னேன். அவன் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து உள்ளே நுழைவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் ஆகிவிட்டது. ஏஜென்டுகள் பத்தரை மணிவரை ஏசி தத்கல் எடுக்கக் கூடாது என்பதால் அந்த வழியும் அடைபட்டது. கூடத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "கிடைச்சுடுச்சாப்பா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

கஸ்டமர் கேருக்குப் போட்டேன். தமிழுக்கு ஒன்று, ரீசார்ஜுக்கு இரண்டு என்று சுற்றிச் சுற்றி, கடைசியில் ஒரு பையன் எடுத்தான். "சார், நீங்க நேத்து சிம் மாத்தியிருக்கீங்க. இருபத்துநாலு மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது, போகவும் செய்யாது."

அந்த விதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2022 கடைசியில் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த கட்டுப்பாடு அது. யாரோ ஒருவன் உங்கள் பெயரில் போலி ஆவணம் கொடுத்து டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும், விடிவதற்குள் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவான். ஒரு நாள் மெசேஜை நிறுத்தி வைத்தால், தன் போன் செத்துக் கிடப்பதைப் பார்த்து உண்மையான சொந்தக்காரர் புகார் கொடுக்க அவகாசம் கிடைக்கும். நல்ல ஏற்பாடு. என் கோபமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைக் கவுன்டரில் யாரும் சொல்லவில்லை என்பதில்தான். நான் தத்கலுக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் தலையாட்டினார். கட்டைவிரல் ரேகை வாங்கத் தெரிந்த நிறுவனத்துக்கு, "நாளை சாயங்காலம் வரை ஓடிபி வராது" என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டத் தெரியாதா? அமெரிக்காவில் எனக்கு ஆயிரம் எரிச்சல் உண்டு. போனில் ஒரு மனிதக் குரலைக் கேட்க அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வேண்டும். ஆனால் நீ ஒன்றைச் செய்தால் உனக்கு எது இல்லாமல் போகும் என்பதைச் சொல்லாமல் மட்டும் செய்யவிட மாட்டார்கள்.

பதினோரு மணி வாக்கில் நாகேஸ்வரன் கோயில் பக்கம் ஒரு சின்ன செல்போன் கடையில் போய் நின்றேன். பத்துக்கு எட்டு அடி இருக்கும், உள்ளே பழைய போன்கள், கவர்கள், மேலே ஓடும் ஒரு மின்விசிறி. இருபத்தைந்து வயதுகூட இருக்காது அந்தத் தம்பிக்கு. ஒருவருக்கு டிஸ்ப்ளே மாற்றிக்கொண்டிருந்தவன், நான் சொன்னதைக் கேட்டுக் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"ஏன்ணா மாத்துனீங்க? பழைய சிம் அவங்க போன்ல டவர் எடுத்துச்சுல்ல? அப்ப சிம்முக்கு ஒண்ணுமில்ல, போனுக்குத்தான். ஒரு பழைய பட்டன் போன்ல போட்டிருந்தா அந்த நிமிஷமே ஓடிபி வந்திருக்குமே."

அவ்வளவுதான் விஷயம். அந்தப் பெண்ணின் கையில் என் சிம் உயிரோடு இருந்த அந்த நிமிடத்தில் என் பிரச்சினை தீர்ந்திருந்தது. அதை வெளியே எடுத்து, ஆயிரத்து ஐநூறு ரூபாய் பட்டன் போனில் போட்டுக் கொடுத்திருந்தால் அம்மா ஏசியில் படுத்துக்கொண்டு தாம்பரம் போயிருப்பாள். ஷோரூமில் யாருக்கும் தோன்றாதது இந்தத் தம்பிக்கு ஒரு நொடியில் தோன்றியது. ஒரு பைசா வாங்கவில்லை. "சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வந்துடும்ணா, போன அணைச்சு அணைச்சுப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி டிஸ்ப்ளேவுக்குக் குனிந்துவிட்டான். மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன்களின் வாரிசுகள் இவர்கள்தான் என்று பட்டது. மீட்டர் ஓடுவதைப் பார்த்து, "ரெண்டு வார்த்தையில முடிச்சுக்கம்மா, காசு ஏறுது" என்று அவர்களாகவே எச்சரிப்பார்களே, அந்த அக்கறை இன்னும் ஊரில் இருக்கிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருக்கிறது.

சென்னைக்குக் காரில்தான் போனோம். விக்கிரவாண்டி ரோட்டில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தம்பி சொன்னதை வைத்துப் பிறகு நிறைய யோசித்தேன், விசாரித்தேன். இன்றைக்கு ஊரில் உங்கள் எண்தான் உங்கள் அடையாளம். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் ப்ரீபெய்டு எண்ணை முடக்கிவிடலாம், 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிப்பார்கள். முடக்கிய எண் வேறொருவருக்குப் போய்விடும். அப்படிக் கைமாறிய எண்களை யு.பி.ஐ.யிலிருந்து நீக்கும் வேலையை 2025 ஏப்ரலிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறார்கள். 2025 நவம்பரில், வாட்ஸ்அப் போன்ற செயலிகள் எந்த எண்ணில் தொடங்கப்பட்டதோ அந்த சிம் போனிலேயே இருக்க வேண்டும் என்றும் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. ஊர் எண்ணை டிராயரில் போட்டுவிட்டு அதன் வாட்ஸ்அப்பை மட்டும் வெளிநாட்டில் ஓட்டும் நம் பழக்கத்தை இது நேராகத் தொடுகிறது.

ஆக ஊர் எண் எப்போதும் நம் கையில் உள்ள போனிலேயே இருக்க வேண்டும். அது பிளாஸ்டிக் சிம்மாக இருப்பதே நல்லது. போன் உடைந்தால் கழற்றி இன்னொன்றில் போட்டுக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், இருபத்துநாலு மணி நேரம் காத்திருக்க வேண்டாம். இந்திய எண் இ-சிம்மாக இருந்து, போன் டாலஸில் கீழே விழுந்து உடைந்தால்? புது இ-சிம் வாங்க அந்த எண்ணுக்கே மெசேஜ் வரும், இல்லையென்றால் ஊரில் ஷோரூமுக்கு நேரில் போக வேண்டும். ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு இரண்டுமே நடக்காது. அமெரிக்க எண் இ-சிம்மில் இருக்கட்டும், அங்கே அதை மாற்றுவது நிமிட வேலை. ஊரில் வீட்டு வைஃபையில் வைஃபை காலிங் போட்டு வைத்தால் அமெரிக்க எண்ணுக்கு வரும் அழைப்பும் வந்துவிடும். ஒரு நாளைக்கு 12 டாலர் என்று ரோமிங் கட்ட வேண்டியதில்லை. ஊர் சிம்மில் நானூறு ரூபாய்க்குள் ஒரு மாதம் தினமும் டேட்டா கிடைக்கிறது.

எந்த போன் என்று கேட்டால், ஒரு ஸ்லாட்டும் இ-சிம்மும் சேர்ந்தது. சாம்சங் எஸ்25 அமெரிக்காவில் வாங்கினாலும் ஸ்லாட்டோடு வருகிறது. கூகுள் பிக்சல் 10-இல் அமெரிக்க மாடலுக்கு ஸ்லாட்டை எடுத்துவிட்டார்கள். அமெரிக்க செல் நிறுவனங்கள் மலிவாகத் தள்ளிவிடும் போன்களைத் தொடவே வேண்டாம். பல, அந்த நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டியே வரும். பூட்டைத் திறந்தாலும் சிலவற்றில் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இருக்காது. ஜியோ அதை நிறைய நம்பியிருக்கிறது, ஜியோவுக்கு 2ஜி, 3ஜி என்று விழுந்து பிடிக்க எதுவும் கிடையாது. அதேபோல ஊரில் இருபதாயிரத்துக்கு வாங்கும் ஆண்ட்ராய்டு பலவற்றில் இரண்டு ஸ்லாட் இருக்கும், ஆனால் அமெரிக்காவின் 600, 700 மெகாஹெர்ட்ஸ் இருக்காது. நகரத்தைத் தாண்டினால் டவர் போய்விடும்.

ஐபோன்தான் வேண்டும் என்றால் ஊரில் வாங்குங்கள். ஐபோன் 17-இன் இந்திய மாடலில் ஸ்லாட் இருக்கிறது. மெலிந்த ஏர் மாடலில் மட்டும் உலகம் முழுக்கவே இல்லை. இந்திய ஐபோன் அமெரிக்காவில் நன்றாகவே வேலை செய்யும், பெரிய நகரங்களின் சில தெருக்களில் மட்டும் கிடைக்கும் மிக வேக மில்லிமீட்டர் அலை 5ஜி ஒன்றுதான் அதில் இருக்காது. விலையைச் சொல்லி எல்லாரும் பயமுறுத்துவார்கள். ஐபோன் 17 அங்கே 799 டாலர், இங்கே 82,900 ரூபாய். ஆனால் டாலஸ் விற்பனை வரி 8.25 சதவீதத்தைச் சேர்த்து ரூபாயாக்கிப் பாருங்கள், வித்தியாசம் ஐந்தாறாயிரத்துக்குள் வந்து நிற்கிறது. அந்தக் காலத்தில் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தால்தான் போன் என்ற நிலை போய்விட்டது.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. 2025 நடுவில் அமெரிக்காவில் விற்ற ஐபோன்களில் பெரும்பகுதி இந்தியாவில் தயாரானவை என்று டிம் குக்கே சொன்னார். அவற்றில் எத்தனையோ சுங்குவார்சத்திரம் பக்கத்து ஆலையில் நம் பெண்கள் கையால் உருவானவை. கும்பகோணத்திலிருந்து சென்னைக்குக் காரில் போகும் வழியிலிருந்து அது அப்படியொன்றும் தூரமில்லை. நம் ஊரில் செய்து, கடல் கடந்து போய், நான் வாங்கி, திரும்ப நம் ஊருக்கே கொண்டுவந்தால், நம் ஊர் சிம்மைப் போட அதில் இடமில்லை.

மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பா மகன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான். வரும் வழியில் அங்கேயே ஐபோன் 17 வாங்கிவிடுவதாகச் சொன்னான். ஓமான், கத்தார், குவைத், சவுதி, அமீரகம், பஹ்ரைன், கனடா எல்லாவற்றிலும் இந்த மாடலிலிருந்து ஸ்லாட்டை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். கும்பகோணம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தம்பியின் கடைக்கு வழியும் அனுப்பிவிட்டேன்.