வற்றாப்பளைப் பொங்கலுக்கு: விமானம், ரயில், பஸ்

இந்த முறை, முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலோடு, காலநிலையைக் கெடுக்கிற புகையை முடிந்தவரை குறைத்து ஊருக்குப் போனேன். லண்டனில் இருந்து கொழும்புக்கு நேரடி விமானம், சாதாரண வகுப்பு. வளைகுடாவில் மாறிப் போனால் சில வேளை காசு மிஞ்சும், ஆனால் மேலே ஏறும்போதுதான் விமானம் எரிபொருளை அள்ளிக் குடிக்கும், அதை எதற்கு இரண்டு தரம் ஏற்றுவான்? பிசினஸ் வகுப்பில் ஒருவர் பிடிக்கிற இடத்தில் இரண்டு மூன்று பேரை இருத்தலாம், புகைக் கணக்கும் தலைக்கு அப்படித்தான் விழும்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் வண்டி அனுப்பட்டோ என்று மாமி கேட்டார். வேண்டாம் என்று கொழும்புக் கோட்டையில் ரயிலேறி மாங்குளத்தில் இறங்கினேன். முன்பதிவு ஆசனம் கிடைக்கவில்லை, பாதி வழி நின்றுதான் வந்தேன், கழிவறையைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆனால் வவுனியா தாண்டியதும் கதவடியில் நின்று காடு பார்க்கிற சுகம் வான் வண்டியில் கிடைக்காது. மாங்குளத்தில் பஸ் பிடித்து ஒட்டுசுட்டான் வழியாக முள்ளியவளை; கண்டக்டர் தம்பி பெட்டியைத் தானே இறக்கித் தந்தார்.

சரி, இதனால் எவ்வளவு மிச்சம்? வான் ஊரிலிருந்து வெறுமையாக வந்து என்னை ஏற்றிப் போனால் 600 கிலோமீற்றருக்கு மேல். 60 லீற்றர் டீசல் என்று வைத்தால் சுமார் 160 கிலோ காபனீரொட்சைட்டு. விமானத்தில் போக வர என் பங்கு மட்டும் ஒரு தொன்னைத் தாண்டும், அது இலங்கையில் ஒருவர் பெயரில் ஒரு வருடம் முழுக்க விழுகிற அளவு. ரயிலில் நின்று வந்ததை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாலும் பெரிய கணக்கு வானத்தில்தான். டிக்கெட்டோடு, அந்தப் புகைக்கு ஈடாக மரம் நடக் காசு கேட்டார்கள், கட்டவில்லை. மரம் வளரப் பல வருடம், புகை இன்றைக்கே மேலே போய்விடும்.

ஆகவே பறக்கிற தடவையைக் குறைப்பதுதான் ஒரே வழி என்று பிடித்திருக்கிறேன். ஒருக்கால் வந்தால் நீளமாக நின்று, திவசம், காணி அலுவல், பல்வைத்தியம் எல்லாவற்றையும் ஒன்றாக முடிப்பது. மாமியிடம் சொன்னேன். 2018 மார்கழி வெள்ளத்தில் வயலை இழந்தவர், காலநிலை பற்றி அவருக்கு நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை. இருந்தும், "தைக்குக் கலியாணம் இருக்கு, அதுக்கும் வரமாட்டியோ?" என்றார். காணொளியில் பார்க்கிறேன் என்றேன். அன்று இரவு எனக்குப் புட்டுப் போட்டது மாமா.