கண்ணாடி நிரப்பிய மாணிக்கம்: ஏமாந்தவன் எழுதுவது

மாணிக்க மோதிரம் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு விற்றவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

கல் நல்ல பெரிது, ரத்தச் சிவப்பு. இயற்கைக் கல்லா என்று கேட்டேன். "மண்ணுல எடுத்ததுதான் சார். சூடு காட்டியிருக்கு, அது அநேகமா எல்லா மாணிக்கத்துக்கும் உண்டு" என்றார். ஒரு கண்ணாடித் துண்டை வைத்துக் கல்லின் விளிம்பால் இழுத்தார். வெள்ளையாகக் கோடு விழுந்தது. பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சை அடித்தார். கல் கங்கு மாதிரி உள்ளிருந்தே ஜொலித்தது. நாகம் இருட்டில் மாணிக்கத்தைக் கக்கி வைத்து, அந்த வெளிச்சத்தில் இரை தேடும் என்று சின்ன வயதில் கேட்ட கதை ஞாபகம் வந்தது. கேள்வி கேட்கும் புத்தி அத்தோடு போய்விட்டது.

இப்போது யோசித்தால் அந்த இரண்டு சோதனையும் வெறும் வேடிக்கை. கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் மாணிக்கம் 9. ஆனால் கண்ணாடியைக் கீற 7-ல் இருக்கும் குவார்ட்ஸே போதும். ஒளிர்வது குரோமியத்தின் வேலை. குருந்தம் என்னும் அலுமினியம் ஆக்சைடில் துளி குரோமியம் கலந்தால்தான் அது சிவப்பு மாணிக்கம். 1902-ல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னெய் அறிவித்த முறைப்படி சுடரில் வளர்க்கும் செயற்கை மாணிக்கமும் அதே மாதிரி ஒளிரும், பெரும்பாலும் இன்னும் பளிச்சென்று.

மோதிரம் விரலில் தளர்வாக இருந்ததால், வளையத்தைச் சிறிதாக்க ஒரு நகைப் பட்டறையில் கொடுத்தேன். ஆசாரி பற்றவைத்து, கருப்புப் போக அமிலத்தில் போட்டு எடுத்திருக்கிறார். திரும்பி வந்த கல்லைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. முகமெல்லாம் சிலந்தி வலை போல வெள்ளை நரம்புகள். நகத்தால் தடவினால் நெருடியது. "நல்ல மாணிக்கம் இந்தச் சூட்டுக்கு அசையாதே" என்று அவர் கையைப் பிசைந்தார். அவர் சொன்னது சரி. குருந்தம் உருக 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். பாழானது மாணிக்கம் இல்லை, அதற்குள் இருந்த கண்ணாடி.

விஷயம் இதுதான். விரிசல் மண்டிய, ஒளி புகாத மட்டமான குருந்தத்தை எடுத்து, அழுக்கைப் போக்கி, ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி விரிசல்களுக்குள் இறக்கிவிடுகிறார்கள். ஈயக் கண்ணாடி ஒளியை ஏறக்குறைய மாணிக்கத்தைப் போலவே வளைப்பதால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. 2000-க்குப் பின் சந்தையை நிறைத்த வேலை இது. வெறுமனே சூடு காட்டுவது வேறு. அது பழைய வழக்கம், பெரும்பாலும் எல்லோரும் ஏற்றுக்கொண்டது. "சூடு காட்டியிருக்கு" என்ற ஒரு சொல்லுக்குள் என் ஆள் இரண்டையும் சுருட்டிவிட்டார். நிரப்பிய கல்லுக்கு எலுமிச்சைச் சாறே எமன். பற்றவைக்கும் சுடரும் ஆகாது. உங்களிடம் இருப்பது அந்த மாதிரிக் கல்லோ என்று சந்தேகம் இருந்தால், பட்டறையில் முதலில் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள்.

சிவப்பைப் பார்த்து ஏமாந்ததில் ராஜாக்களும் உண்டு. பிரிட்டிஷ் அரசக் கிரீடத்தின் முன்னால் பதித்திருக்கும் 'கருப்பு இளவரசர் மாணிக்கம்' உண்மையில் ஸ்பினல் என்னும் வேறொரு சிவப்புக் கல். ஆனால் அது இயற்கையில் முழுசாக விளைந்த கல்லாவது! சிலப்பதிகாரத்தில் வைரத்துக்குக் காகபாதம் (காக்கைக் கால் போன்ற கீறல்), களங்கம், விந்து (புள்ளி), ரேகை என்று குற்றம் பார்த்திருக்கிறார்கள். குற்றத்தையே உருக்கி மூடிவிட்டால் எதைப் பார்ப்பது?

பார்க்க வழி இருக்கிறது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் கல்லை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். விரிசல் ஓடும் இடத்தில் சட்டென்று ஒரு நீலம் மின்னி மறையும். சுற்றிலும் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ்கள், சில இடத்தில் தட்டையாக நசுங்கின மாதிரி. இதை வாங்கும் அன்றைக்கே பார்த்திருக்கலாம். லென்ஸ் மேசையில்தான் இருந்தது, நான் எடுக்கவில்லை. "இயற்கையா?" என்று கேட்டேனே தவிர, "விரிசலில் கண்ணாடி இருக்கிறதா, எழுதித் தருவீர்களா?" என்று கேட்கவில்லை.

சான்றிதழில் எழுதியே இருந்தது. மேலே பெரிதாக 'இயற்கைக் குருந்தம்'. கீழே குறிப்புப் பகுதியில் பொடி எழுத்தில், பிளவுகளில் கண்ணாடி நிரப்பப்பட்டது என்று ஒரு வரி. திருப்பிக் கொடுக்கப் போனபோது விற்றவர் அந்த வரியின் மேல்தான் விரலை வைத்தார். பணம் திரும்ப வராதாம், வேண்டுமானால் வேறு கல் மாற்றித் தருகிறேன் என்று மூன்றை எடுத்துப் போட்டார். இந்த முறை லென்ஸை எடுத்துக்கொண்டேன். மூன்றிலும் நீலம் மின்னியது. ஒன்றும் சொல்லாமல் என் மோதிரத்தையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.